ரோஸ் பட்டையும் மயில் கழுத்துப் பட்டையும்

எங்கள் டைல்ஸ் கடைக்கு இரண்டு கிளைகள். பெரியது திருவண்ணாமலையில், சின்னது கீழ்பென்னாத்தூரில். நான் பெரிய கடையில் பில் போடுகிறவள். இரண்டு கடை ஆட்களுக்கும் ஆகாது. இங்கிருந்து அங்கே போன ஒரு வாஷ் பேசினில் விரிசல் இருந்தது. அது இங்கே ஏற்றும்போது உடைந்ததா, அங்கே இறக்கும்போது உடைந்ததா என்று எங்கள் சூப்பர்வைசருக்கும் அந்தக் கிளை மேனேஜருக்கும் பேச்சு வந்து, கடைசியில் பேச்சே இல்லாமல் போயிற்று.

முதலாளியின் மகன் சென்னையில் படித்துவிட்டுப் புதிதாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சின்ன முதலாளி என்போம். அவர் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். காஞ்சி சாலைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் பெயின்ட்பால் விளையாட்டு நடத்துகிறார்கள். துப்பாக்கியில் சாய உருண்டை போட்டு ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள வேண்டும். சுட்டுக்கொண்டால் ஒற்றுமை வளரும் என்று அவர் படித்த இடத்தில் சொல்லியிருந்தார்களாம்.

"ரெண்டு பிராஞ்சையும் கலந்து ரெண்டு டீம் போடறோம். அங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி டிரெஸ், மூஞ்சிக்கு மாஸ்க். யார் எந்த டீம்னு தெரியாது. கையில கட்டிக்கப் பட்டை வேணும். உங்களுக்குத்தான் தையல் தெரியுமே அக்கா, நீங்களே தச்சுடுங்க. கட்சிக் கலர் மட்டும் வேணாம்" என்றார்.

கட்சி இல்லாத நிறம் எவ்வளவு கம்மி என்று அன்று இரவு சாப்பிடும்போதுதான் தெரிந்தது. என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஊரில் எந்த ஊர்வலம் எந்தத் தெருவை மறிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

"சிவப்பு?" என்றேன்.

"அதுக்குக் கட்சி இருக்குது."

"மஞ்சள்?"

"சங்கம் இருக்குது."

"நீலம், பச்சை?"

"அதுக்கும் ஆளுங்க இருக்காங்க. இன்னா, வேலைக்குப் போகணும்னு ஆசை இல்லியா உனக்கு?"

"காவி?"

"இந்த ஊர்ல அதைக் கட்டிக்கினு நின்னா, கூப்பிட்டு உக்கார வச்சு இலையில சோறு போட்டுடுவாங்க."

பீரோவைத் திறந்தேன். தாம்பூலத்தோடு வந்த ரவிக்கைத் துணிகள் கீழ்த்தட்டு நிறைய இருந்தன. யாரும் தைப்பதில்லை, யாரும் எறிவதும் இல்லை. ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் வாங்கி, நம் வீட்டில் கொஞ்ச நாள் இளைப்பாற வைத்து, அடுத்த வீட்டு வளைகாப்பில் கொடுத்துவிடுகிற துணி. அவற்றில் ரோஸும் மயில் கழுத்து நிறமும் ஜாஸ்தி. இந்த இரண்டு நிறத்திலும் எனக்குத் தெரிந்து யாரும் கொடி ஏற்றியதில்லை.

நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி, மடித்து, ஓரம் அடித்து, உள்ளே எலாஸ்டிக் கோத்தேன். அளவுக்குக் கணவரின் கையைத்தான் நீட்டச் சொன்னேன். பிறகுதான், எங்கள் கடையில் டைல்ஸ் பெட்டி தூக்குகிறவர்களின் கை இவருடைய கை இல்லை என்று நினைவு வந்தது. பாதியைப் பிரித்து மறுபடி தைத்தேன். துணியின் ஓரத்தில் இருந்த ஜரிகையை எவ்வளவு மடித்தாலும் அது வெளியே எட்டிப் பார்த்தது. போருக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் மங்களகரமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்கு ரோட்டை மறித்துவிடுவார்கள் என்று சின்ன முதலாளியிடம் சொன்னேன். "திதி சாயங்காலம்தான் ஆரம்பிக்குது அக்கா, நாம மத்தியானமே திரும்பிடலாம்" என்றார்.

தோப்பில் பட்டையைக் கொடுத்ததும் முதல் சண்டை. கீழ்பென்னாத்தூர் மேனேஜர் கையில் வாங்காமல் பார்த்தார்.

"எங்க பிராஞ்சுன்னா அவ்ளோ இளக்காரமா? எனக்கு ரோஸா?"

"அவருக்கும் ரோஸ்தாங்க" என்று எங்கள் சூப்பர்வைசரைக் காட்டினேன். இருவரையும் ஒரே அணியில் போட்டது சின்ன முதலாளியின் ராஜதந்திரம்.

விளையாட்டில் நான் மயில் கழுத்து அணி. விசில் ஊதியதும் எங்கள் அணிக்காரர் ஒருவரே என் முதுகில் சுட்டுவிட்டதால், வெளியே உட்கார்ந்து நிம்மதியாக வேடிக்கை பார்த்தேன். பட்டையை ஒருவரும் பார்க்கவில்லை. மாஸ்க் போட்டிருந்தாலும் நடையையும் தொப்பையையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்து, அவரவர் பழைய பாக்கியைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஸ் மேனேஜர் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்து ரோஸ் சூப்பர்வைசரின் நெஞ்சில் சுட்டார்.

"யோவ், நான் உன் டீம்யா!"

"பட்டை தெரியலீங்க."

"ஜரிகையோட மின்னுது, தெரியலியா?"

பதிலுக்குச் சூப்பர்வைசரும் சுட்டார். எந்த அணி ஜெயித்தது என்று நடத்துகிறவர்களாலேயே சொல்ல முடியவில்லை. பிரியாணி தாமதமாக வந்தது. வேன் கிளம்பும்போது வெயில் இறங்கிவிட்டது.

கிரிவலப் பாதையைத் தொட்ட இடத்தில் வேனை நிறுத்திவிட்டார்கள். இனி வண்டி போகாது. இறங்கினோம். எதிரே ஜனம் ஆறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. பட்டையை யாரும் கழற்றியிருக்கவில்லை. அதைப் பார்த்த ஒரு போலீஸ்காரர் வேகமாக வந்தார்.

"இவ்ளோ நேரம் எங்கய்யா போனீங்க? ரோஸ் பட்டை எல்லாம் கயிறு புடிங்க. இன்னொரு கலர் தண்ணிப் பந்தலுக்குப் போங்க."

"சார், நாங்க வாலன்டியர் இல்ல, டைல்ஸ் கடை..." என்று சின்ன முதலாளி ஆரம்பித்தார்.

"அப்புறம் பேசலாம், மொதல்ல புடி."

பிடித்தார். அவர் கட்டியிருந்ததும் ரோஸ்தான்.

நான் தண்ணீர்ப் பந்தலில் நின்றேன். இத்தனை ஆண்டுகள் பில் கவுன்டரில் "வரிசையா வாங்க" என்று கத்தியும் ஒருவர் கேட்டதில்லை. இங்கே கையைத் தூக்கினால் கூட்டம் நின்றது. வெளியூர்க்காரர்கள் என்னை வழி கேட்டார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்டவர்களுக்கு எதிர்ப்பக்கம் காட்டினேன். அங்கே இருந்திருக்கும் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஒரு அம்மா என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பொய்யென்று எனக்குத் தெரியும். ஆனாலும் பட்டையைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

கயிற்றின் ஒரு முனையில் சூப்பர்வைசர், மறுமுனையில் மேனேஜர். ஒருவர் இழுத்தால் மற்றவர் விட வேண்டும், இல்லாவிட்டால் ஜனம் தடுக்கி விழும். அதனால் பேசியே ஆக வேண்டியிருந்தது. "விடு", "இழு", "இன்னும் கொஞ்சம்" என்று தொடங்கியது, கூட்டம் குறைந்தபோது, "நீங்க வைக்கோல் வச்சுக் கட்டலீங்க", "நீங்க ரெண்டு ஆள் வச்சு இறக்கலீங்க" என்று அந்த வாஷ் பேசினுக்கு வந்து நின்றது. ஒற்றுமை வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நேருக்கு நேர் நின்று, வாங்க போங்க போட்டுச் சண்டை போட்டார்கள். நடுவில் பக்தர்கள் "அரோகரா" என்றபடி கடந்து போனார்கள்.

நிஜமான தொண்டர்கள் வந்த பிறகுதான் எங்களை விட்டார்கள். வேன் இல்லை. சாயக் கறையோடு, கூட்டத்தோடு கூட்டமாக, அடி அண்ணாமலை வழியாக ஊருக்குள் நடந்தே வந்தோம். சின்ன முதலாளி பாதி வழியில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது கணவர் கேட்டார்: "யார் ஜெயிச்சாங்க?"

"போலீஸ்" என்றேன்.