தம்பிக்கு ஓர் இடம்

தம்பி வீட்டில்தான் இருந்தான். தூங்குவான், எழுவான், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நிற்பான். ஆனாலும் அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் அவனுக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தோம். வேலை விட்டு வந்ததும் அடுப்படிக்குள் புகுந்து சட்டி மூடியைத் திறந்து பார்ப்பவன், நைனா படகில் வயர்லெஸ்ஸில் கத்துவதைப் போலவே கத்திக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைப்பவன், எங்கேயோ போய்விட்டிருந்தான்.

எங்கள் வீடு ராயபுரத்தில். நைனா விசைப்படகு ஓட்டுபவர். எனக்குக் கல்யாணமாகித் திருவொற்றியூர். எர்ணாவூரில் ஒரு பள்ளியில் டீச்சர். தம்பி ஐ.டி.ஐ. முடித்து, மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஃபிட்டராக இருந்தான். தோள்பட்டை வலிக்கென்று மாத்திரை போட ஆரம்பித்தான். வலி போயிற்று, மாத்திரை போகவில்லை. அப்புறம் தெருமுனை நண்பர்கள், வேறு மாத்திரைகள், பிறகு கையில் ஊசி. வேலையும் போயிற்று.

ஒருநாள் நைனா துறைமுகத்தில் யாரோ ஒரு போதை மறுவாழ்வு இல்லத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தார். "ஒரு போன் போட்டா போதுமாம். வேன்ல வந்து தூக்கிகினு பூடுவாங்களாம். நாம கூட நிக்கக்கூட வேணாமாம்."

"மொதல்ல போய்ப் பாத்துட்டு வருவோம் நைனா" என்றேன்.

ஊருக்கு வெளியே ஒரு மாடி வீடு. நடத்துபவர் நன்றாகத்தான் பேசினார். மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாது, போன் கிடையாது, பையன் திருந்தி வருவான் என்றார். படுக்கிற இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெண்களை உள்ளே விடுவதில்லை என்றார். டாக்டர் வருவாரா என்றேன். தேவைப்பட்டால் போனில் கேட்டுக்கொள்வோம் என்றார்.

நாங்கள் கீழே இறங்கியபோது மேலே கம்பி ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. மொட்டையடித்த தலை. தம்பி வயதுதான் இருக்கும்.

"யக்கா, இன்னிக்கு இன்னா கெயமை?" என்று மெல்லக் கேட்டான்.

"வியாழன்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். பஸ் வந்தது. நைனா ஏறவில்லை. "எம் புள்ள கெயமை தெரியாம கெடக்கணுமா?" என்றார். அந்த இடத்தின் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். லைசென்ஸ் இருக்கிறதா, டாக்டர் நேரில் வருகிறாரா, வீட்டார் போய்ப் பார்க்க முடியுமா என்று எந்த இடத்திலும் கேட்கச் சொன்னார். கிளம்பும்போது, "ஆமா, அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றார்.

"யார்கிட்ட மேடம்?"

"உங்க தம்பிகிட்டதான்."

எங்களில் யாரும் கேட்டிருக்கவில்லை. அன்று சாயங்காலமே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு இடத்தில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டேன்.

"கட்டிப்போடுவாங்களா யக்கா?"

"அந்த மாதிரி எடத்துக்கு உன்னை உடுவேனா?"

"அப்ப நானும் வந்து பாக்கறேன்."

டாக்டரம்மா சொன்ன கேள்விகளோடு தேடியதில் கிடைத்தது மாத்தூரில் ஒரு தெருக்கோடி வீடு. வாசல் கதவு திறந்தே இருந்தது. உள்ளே இரண்டு பேர் கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பில் இருந்த அம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் தம்பி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"பயமா இருக்கா தம்பி?"

"ஆமா."

"எதுக்குப் பயம்?"

"நான் இல்லாம வூட்ல எல்லாரும் நிம்மதியா இருந்துடுவாங்களோன்னு."

நைனா எழுந்து வெளியே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

முதலில் சில நாள் மருத்துவமனை. உடம்பு ஒரு நிலைக்கு வந்த பிறகு மாத்தூர். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்போம். அம்மா வாரம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான் இருந்தாள். நடுவில் ஒருமுறை வாசலில் நெத்திலி விற்பவள் கூவி வந்தபோது வேகமாக எழுந்து போனவள், பாதி வழியில் நின்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். அவனுக்குப் பிடித்த மீன். அவன் இல்லாதபோது யாருக்குப் பொரிப்பது?

முகம் தெளிந்து வீட்டுக்கு வந்தான். ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. தெருமுனையில் அதே நண்பர்கள், அதே சிரிப்பு. ஒரு மத்தியானம் பள்ளிக்கே போன் வந்தது. "யக்கா, மறுபடி போட்டுட்டேன். என்னைத் திரும்ப அங்கயே இட்டுகினு பூடு." போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவனாகவே கேட்டானே என்ற ஒரு சின்ன சந்தோஷமும் அந்த அழுகைக்குள் இருந்தது.

இரண்டாவது முறை முடிந்து கிளம்பும்போது அந்த அம்மா எங்களிடம் பக்குவமாகச் சொன்னார்: "கொஞ்ச காலத்துக்கு அந்தத் தெருவுக்கு அனுப்பாதீங்க." கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. அங்கேயே ஒரு டாக்டரையும் பார்த்துக்கொள்கிறான். இன்றுவரை நன்றாக இருக்கிறான். நாங்கள் தேடிய தம்பி எங்களுக்குக் கிடைத்துவிட்டான். ஆனால் எங்கள் வீட்டில் இல்லை.

தெருவில் யாராவது அவன் மாதிரி செருப்பைத் தேய்த்து நடந்தால் அம்மா எட்டிப் பார்க்கிறாள். எனக்கும் அப்படித்தான். வாடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த ரயிலில் வந்து நிற்பான். அதனாலேயே சொல்லாமல் இருக்கிறோம்.

போன வாரம் ராயபுரம் வீட்டில் எல்லோரும் இருந்தபோது ஸ்பீக்கர் போனில் அவனே கேட்டான். "யக்கா, பொங்கலுக்கு வரட்டா?"

அம்மா என் முகத்தையே பார்த்தாள். நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ வராதடா. நாங்க எல்லாரும் அங்க வர்றோம்" என்றேன்.

அவனுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"எல்லாரும்னா? நைனா போட்டை உட்டுட்டு வருவாரா?" என்றான்.

போனை நைனாவிடம் கொடுத்தேன்.