நிற்காமல் போன ஜீப்பு

1. போடியிலிருந்து மலைக்கு ஏறும் சுற்றுலா ஜீப்புகள் எல்லாவற்றிலும் இடங்காட்டும் பெட்டி பொருத்தினார்கள்.
2. வெளியூர்க்காரர்கள் செல்போன் செயலியிலேயே ஜீப்பைப் பதிவு செய்தார்கள். இறங்கியதும் ஓட்டுநருக்கு நட்சத்திரம் போட்டார்கள்.
3. குறித்த இடங்களைத் தவிர வேறெங்காவது ஜீப்பு நின்றால் எங்கள் அலுவலகத் திரையில் சிவப்பு எழும்.
4. என் அண்ணன் வழியில் நின்று தோட்டத்துப் பெண்களை ஏற்றினான். இரண்டு முறை சிவப்பு எழுந்தது. இன்னொரு முறை எழுந்தால் செயலியிலிருந்து நீக்கம் என்று அவனுக்குத் தகவல் வந்தது.
5. ஒரு மழை நாளில் அவன் நிற்காமல் போனான்.
6. பக்கத்து வீட்டுச் சித்தி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒன்று நடந்தது. அது எந்தத் திரையிலும் வரவில்லை.

கணினிப் படிப்பு முடித்து, போடியில் அந்தச் செயலியைக் கவனிக்கும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊரை நவீனச் சுற்றுலாத் தலமாக மாற்றுகிறோம் என்றார்கள். பொய் என்று சொல்லமாட்டேன். எந்த வளைவில் மூடுபனி, எந்தக் காட்சி முனையில் கூட்டம், கழிப்பறை எங்கே என்பதெல்லாம் வருகிறவர்களின் கைக்கு வந்தது. ஆளைப் பார்த்துக் கட்டணம் கேட்பது நின்றது. பயணிகள் திரையில் நீலப் புள்ளி, ஜீப்புகள் பச்சைப் புள்ளி. காலையில் அதே சாலையில் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களுக்குப் புள்ளி கிடையாது. அவர்கள் எதையும் பதிவு செய்வதில்லை.

என் அம்மாவும் பக்கத்து வீட்டுச் சித்தியும் அப்படிப் போகிறவர்கள்தான். காலையில் தோட்டத்து ஜீப்பு ஏற்றிப்போகும், சாயங்காலம் இறக்கிவிடும். மழை பிடித்து வேலை பாதியில் நின்றால் அது வராது. அப்போது சாலை ஓரம் நின்று கை காட்டுவார்கள். இறங்கி வருகிற எந்த ஜீப்பும் நிற்கும். காட்டுமாடு திரிகிற இடத்தில் பெண்களை விட்டுவிட்டுப் போகிறவனைப் போடியில் யாரும் மதிப்பதில்லை. அது எங்கும் எழுதிவைத்த விதி இல்லை. அதனால் செயலியில் அது இல்லை.

அண்ணனின் ஜீப்பில் வந்த ஒரு குடும்பம் ஒற்றை நட்சத்திரம் போட்டது. 'நாங்கள் பதிவு செய்த வண்டியில் முன்பின் தெரியாத பெண்களை ஈரத் துணியோடு ஏற்றினார்' என்று எழுதியிருந்தது. நான் மேலாளரிடம் பேசினேன். தொழிலாளர்களை ஏற்றுவதற்கு ஒரு நிறுத்தம் சேர்க்கலாமே என்றேன்.

"எந்த இடத்துலம்மா? இடத்தச் சொன்னா சேத்துரலாம்."

எந்த இடம் என்று சொல்வது? மழை எங்கே பிடிக்கிறதோ அந்த இடம். அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை. கோரிக்கையை எழுதித் தரச் சொன்னார், கொடுத்தேன்.

வீட்டில் சித்தி அண்ணனைக் கிண்டல் செய்வாள்.

"என்னடா மகனே, இனி ஒன் வண்டியில ஏற நாங்களும் போன்ல அமுக்கணுமா?"

"அமுக்கு சித்தி. மறக்காம அஞ்சு நட்சத்திரம் போட்டுரு."

"அஞ்சு என்னத்துக்கு? வானத்துல இருக்கது பூராம் ஒனக்குத்தான்."

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஜீப்புக்கு இன்னும் தவணை போய்க்கொண்டிருந்தது. செயலியில் பெயர் இல்லாத ஜீப்புக்குச் சவாரி வருவது நின்றே போயிருந்தது.

அந்த மழை நாளில் நான் திரைக்கு முன்னால்தான் இருந்தேன். அண்ணனின் பச்சைப் புள்ளி தோட்டத்துக்குப் பாதை பிரிகிற பிரிவைத் தாண்டி நிற்காமல் இறங்கியது. சிவப்பு எழவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இருட்டுகிற நேரத்தில் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். வண்டி கிடைக்காமல் பெண்கள் நடந்தே இறங்கியிருக்கிறார்கள். ஒரு வளைவில் மூடுபனிக்குள் லாரி வர, சித்தி ஒதுங்கிய இடத்தில் மண் சரிந்து அவள் பள்ளத்தில் விழுந்திருக்கிறாள். மேலே தூக்கி, காய்கறி ஏற்றி வந்த ஜீப்பை மறித்து, லோடுக்கு மேலேயே படுக்கவைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அண்ணனும் நானும் ஓடினோம். அம்மா வராந்தாவில், தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பிரிவுகிட்ட நின்னது நீங்களாம்மா?" என்றான் அண்ணன். "தாளுதான் தெரிஞ்சுச்சு. ஆளு தெரியல."

"நாங்கதான்."

"கையக் காட்ட வேண்டியதுதான? ஒருத்தருகூடக் காட்டலயே."

"ஒஞ் சித்தி கையத் தூக்குனா. நாந்தான் புடிச்சுக் கீழ எறக்கி விட்டேன். எம்மகன் வண்டி, சோலி போயிரும், விடுங்கடின்னேன்."

"நீ காட்டிருந்தா நின்னுருப்பேன்."

"அது தெரியும்ப்பா. நீ நிப்பேன்னுதான்."

அண்ணன் வெளியே போய் ஜீப்பில் ஏறி, கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான். உள்ளே சித்தியின் மகள் நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றதை நான் அப்புறம்தான் பார்த்தேன்.

"ஒங்க வண்டி பத்தரமா இருக்கட்டும் பெரியம்மா," என்றாள். கத்தவில்லை. "போங்க. நாங்க பாத்துக்குறோம்."

இப்போது சித்தி கம்பை ஊன்றி வாசல்வரை வருகிறாள். இனி மலைக்குப் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. கூடப் போன பெண்கள் தங்கள் ஜீப்பில் அம்மாவுக்கு இடம் விடவில்லை. அவள் பக்கத்து ஊரான சிலமலைப் பெண்களோடு வேறு தோட்டத்துக்குப் போகிறாள். என் கோரிக்கைக்குப் பதில் வரவில்லை. அண்ணன் செயலியில் இருக்கிறான். அம்மாவோடு அவன் பேசுவது குறைந்துவிட்டது. வழியில் அவன் நிற்பதில்லை.