தொண்ணூற்று நான்கு நாள் வெளியே

முப்பத்து மூன்று வயதில் ஒருவர், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுத் துறவற சபையில் சேரப்போகிறேன் என்று சொன்னால், வீட்டில் யாரும் கடவுளைப் பற்றிக் கேட்பதில்லை. அக்கா கேட்டாள்: "எந்தப் பொண்ணுடா வேணாம்னு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. நான் யாரையும் கேட்கவே இல்லையே."

"அதான் பிரச்சினையே. ரெண்டு பேரையாவது கேளு. வேணாம்னு சொல்லட்டும். அப்புறம் போனா அதுல ஒரு நியாயம் இருக்கும்."

அக்காவுக்குத் தையல் கடை. அளவெடுக்காமல் எதையும் வெட்டமாட்டாள். தம்பி பன்னிரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதில் கெட்டிக்காரர் என்று கம்பெனியில் பெயர். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் போடுகிற செபங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் தனக்கு இறையழைத்தல் வந்தது என்று பின்னாளில் சொல்வார். கதவு திறந்ததும் அவர்கள் கடவுளை மறந்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுவார்கள்; கேட்ட செபத்தை மறக்காமல் வைத்திருந்தவர் வெளியே நின்ற மெக்கானிக் மட்டும்தான்.

திருச்சபை யாரையும் அவசரப்படுத்துவதில்லை என்று சொல்வது பாதி உண்மை. கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிட்டு நான்காம் வாரம் ஆயுளுக்கும் கட்டிவைத்துவிடும். துறவி ஆகிறேன் என்று வருகிறவனைத்தான் வருடக்கணக்கில் வாசலில் உட்காரவைத்துப் பார்க்கும். முதலில் 'வந்து பாருங்கள்' என்று பத்து நாள் முகாம். வந்தவர்களை அவர்கள் பார்ப்பதற்கு வைத்த பெயர் அது. பிறகு புகுமுக நிலை, இரண்டு வருடம். அங்கே நம்மவர், மீசை இன்னும் முடிவாகாத பையன்கள் பன்னிரண்டு பேரோடு பெஞ்சில் உட்கார்ந்து திருப்பாடல்களை இரு அணியாகப் பிரிந்து பாடக் கற்றுக்கொண்டார். பையன்கள் அவருக்கு 'லிஃப்ட் பிரதர்' என்று பெயர் வைத்தார்கள். அது ஒட்டிக்கொண்டது. ஞானஸ்நானப் பெயர் கோப்பில் மட்டும் இருந்தது.

அடுத்தது நவதுறவு. ஒரே ஒரு வருடம், ஆனால் மொத்தக் கட்டடமும் அதன் மேல்தான் நிற்கிறது. அந்த வருடத்தில் பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது, போன் கிடையாது. செபம், மௌனம், தோட்டவேலை, சபையின் சட்டநூல், அப்புறம் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இந்தக் கடைசி வேலையில்தான் பலபேர் பெட்டியைக் கட்டுவார்கள். மற்ற நிலைகளில் கொஞ்சம் முன்னே பின்னே விட்டுக்கொடுக்கலாம், இதில் முடியாது. நவதுறவி அந்த வீட்டுக்குள்தான் இருக்கவேண்டும். பதினைந்து நாளுக்கு மேல் வெளியே தங்கினால் அந்த நாள்களை ஈடுகட்டவேண்டும். தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் நவதுறவே செல்லாது. அதன் மேல் எடுக்கிற வார்த்தைப்பாடும், அதாவது துறவியாக வாழ்வேன் என்று கொடுக்கிற சத்தியமும், செல்லாது.

நவதுறவியரின் பயிற்றுநர் இந்தச் சட்டத்தைத் தண்ணீர் பட்ட பாடாக அறிந்தவர். பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனுக்கு அவர் வெளியே போக அனுமதி தரவில்லை. பல் டாக்டரை வீட்டுக்கு வரவழைத்தார். அப்படிப்பட்ட மனிதர், சபையின் முதியோர் இல்லத்தில் மோட்டார் ஓடவில்லை, பள்ளிக்கூடத்தில் ஜெனரேட்டர் புகைகிறது என்று போன் வந்தால், "கவலைப்படாதீங்க, நம்ம லிஃப்ட் பிரதரை அனுப்பறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பையைத் தானே தூக்கிவந்து கையில் தருவார். மூன்று நாள் இங்கே, ஒரு வாரம் அங்கே. முதியோர் இல்லத்து லிஃப்ட்டுக்கு முழுக்க ஒயர் மாற்றியபோது பத்தொன்பது நாள். வெளியே போவது என்றால் அவர் மனதில் பல்வலி, தங்கச்சி கல்யாணம், கிரிக்கெட். இதுவோ கீழ்ப்படிதல். கீழ்ப்படிந்து போனவன் எப்படி வெளியே போனவன் ஆவான்? அதனால் அந்த நாள்களை அவர் எண்ணவே இல்லை. எண்ணுவது நவதுறவியின் வேலையும் இல்லை.

வருடம் முடிந்தது. முதல் வார்த்தைப்பாடு, தற்காலிகமானது, ஆயிற்று. மெய்யியல் இரண்டு வருடம்; கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஐந்து நிரூபணங்களையும், இல்லை என்பதற்கு அதைவிட நன்றாக எழுதப்பட்ட பத்தையும் படித்தார். ஒரு வருடம் பள்ளிவிடுதியில் பணிப்பயிற்சி. பிறகு இறையியல் நான்கு வருடம். நாற்பத்து மூன்று வயதில் எல்லாம் முடிந்து, ஆயுளுக்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்கப்புறம் திருத்தொண்டர் பட்டம், ஆறு மாதத்தில் குருப்பட்டம். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அக்கா கடையில் வெள்ளை அங்கி பாதி தைத்திருந்தது.

அப்போதுதான் சபையின் மாநிலச் செயலர் கூப்பிட்டனுப்பினார். இரண்டு காகிதம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது, சேர்த்து அடித்துவிடுவார். அதனால் அவருக்குப் பெயர் ஸ்டேப்ளர். நித்திய வார்த்தைப்பாட்டுக் கோப்பில் நவதுறவு முறையாக முடிந்தது என்று சான்று வைக்கவேண்டும். மற்றவர்கள் பழைய சான்றைப் பிரதி எடுத்து வைப்பார்கள். ஸ்டேப்ளர், நவதுறவகத்தின் நாட்குறிப்பை வரவழைத்து முதல் பக்கத்திலிருந்து படித்திருந்தார்.

"உட்காருங்க பிரதர்" என்றார். பிறகு, "பிரதர்னு கூப்பிடலாமான்னே தெரியல" என்றார்.

நாட்குறிப்பை நவதுறவிகளே வாரம் ஒருவராக எழுதுவது வழக்கம். ஸ்டேப்ளர் ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினார். எவனோ குறும்புக்காரன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்: 'இன்று நமது லிஃப்ட் பிரதர் ஐந்தாம் முறையாக முதியோர் இல்லம் புறப்பட்டார். கீழ்ப்படிதலுக்கு எடுத்துக்காட்டு. திரும்பும்போது பிஸ்கட் வாங்கிவருமாறு எழுவர் விண்ணப்பம்.'

"இந்த மாதிரி எடுத்துக்காட்டு மொத்தம் தொண்ணூத்தி நாலு நாள். நாலு தடவ எண்ணிட்டேன். தொண்ணூறு வரைக்கும் ஏதாவது பண்ணியிருக்கலாம்."

"கடைசியா போனது எதுக்கு ஃபாதர்?"

ஸ்டேப்ளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தத் தலைமையகத்து லிஃப்ட்டுக்கு. ஆறு நாள்."

"ஓ. உள்ள நீங்க மாட்டிக்கிட்டிருந்தீங்களே, அதுவா?"

"அதேதான்."

அந்த லிஃப்ட் கீழே இறங்கி வந்து நின்று மணியடித்துவிட்டு மறுபடி மேலே போயிற்று. வேலை சுத்தம்.

"அப்ப இந்த ஏழு வருஷமா நான் யாரு ஃபாதர்?"

"சட்டப்படி? நல்ல மனுஷன். அவ்வளவுதான்."

மாநிலத் தலைவர் அன்று மாலையே அவரை அழைத்து, நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். தலைவர்கள் எழுந்து நின்றால் விஷயம் பெரியது என்று அர்த்தம். வழி மூன்று இருந்தது. ஒன்று, நடந்த பிழையைப் பொறுத்துச் சரியாக்கித் தரும்படி ரோமுக்கு விண்ணப்பிப்பது. சில மாதம் ஆகும், பெரும்பாலும் கிடைத்துவிடும். இரண்டு, மறுபடி நவதுறவு ஒரு வருடம், அதன் பின் தற்காலிக வார்த்தைப்பாட்டில் குறைந்தது மூன்று வருடம். மூன்றாவதைத் தலைவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வார்த்தைப்பாடே இல்லாதவர் போவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினால் போதும்.

"மூணு நாள் குடுங்க ஃபாதர். யோசிச்சுட்டு வர்றேன்."

"என்கிட்ட கேட்க வேண்டியதே இல்லையே" என்றார் தலைவர் பரிதாபமாக.

அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா முழுக்கதையையும் தையல் மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும் நிறுத்தினாள்.

"அவங்க ஒயரைச் சரிபண்ணப் போனதுக்கு உன் ஒயரைப் பிடுங்கிட்டாங்களா? நல்லா இருக்குடா உங்க சட்டம். பேசாம வீட்டுக்கு வந்துடு. உன் பழைய கம்பெனிக்காரன் இன்னிக்கும் என்னை ரோட்டுல பார்த்தா உன்னத்தான் கேட்குறான்."

"பார்க்கலாம்க்கா."

"இன்னும் நாலு வருஷமா? நாப்பத்தேழு ஆயிடும்டா உனக்கு!"

"வீட்டுல உட்கார்ந்திருந்தாலும் நாலு வருஷத்துல நாப்பத்தேழுதான்க்கா ஆகும்."

மூன்று நாளும் அவர் ஐந்து மணிக்கு எழுந்தார். காலைச் செபத்தைச் சொன்னார். சாப்பிடும் முன் மற்றவர்கள் தட்டில் சோறு விழுந்ததா என்று பார்த்தார். இரண்டாம் நாள் கடைத்தெருவுக்குக் கிளம்பியவர், வாசலில் நின்று, "அக்கா, கொஞ்சம் வெளிய போயிட்டு வரட்டுமா?" என்றார்.

அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுப் பேசவேண்டியிருந்தது. "என்கிட்ட எதுக்குடா பர்மிஷன் கேட்குற?"

பதில் தெருமுனை வரை நடந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. பூட்டே இல்லாத கதவுக்குப் பின்னால் ஏழு வருடம் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தால், நியாயமாக மனிதன் தன்னை முட்டாள் என்று நினைக்கவேண்டும். அவருக்கு வந்தது ஒருவிதமான திமிர். கட்டாயம் என்று நினைத்து இருந்தேன். கட்டாயம் இல்லை என்று தெரிந்த பிறகும் கால் அந்தப் பக்கமே போகிறது. ஒரு ஆளை இதைவிட எப்படிச் சோதித்துப் பார்ப்பது? தலைவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டதை நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

திரும்பிப் போய், ரோமுக்கு எழுதவேண்டாம் என்று சொன்னார்.

தலைவருக்குப் புரியவில்லை. "அழைப்பிதழை மாத்தி அடிச்சுக்கலாம் பிரதர். ஆறு மாசம் தள்ளிப்போகும். அவ்வளவுதானே? எதுக்கு நாலு வருஷம்?"

"கதவு சுவிட்ச் கெட்டுப்போச்சுன்னா, ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே போட்டு லிஃப்ட்டை ஓட்டிடலாம் ஃபாதர். ஜம்பர்னு சொல்வோம். நல்லா ஓடும், கதவு திறந்திருந்தாலும் ஓடும். நான் மட்டும் அதுல ஏறமாட்டேன்."

"ரோம்ல இருந்து வர்றதை ஒயர் துண்டுங்கறீங்க!"

"ஐயோ, அப்படி இல்ல ஃபாதர். அவங்க குடுத்தா அது செல்லும். எனக்கு வேண்டியது அந்த வருஷம். கூட இருந்தவங்க எல்லாம் சும்மா உட்கார்ந்து தன்னைத்தானே பார்த்துக்கிட்டிருந்தப்ப, நான் கால்வாசி நாள் மோட்டார் ரூம்ல இருந்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? ஒவ்வொரு தடவையும் பையைக் குடுத்தப்ப, அப்பாடா தப்பிச்சோம்னுதான் கிளம்பினேன்."

இதை ஸ்டேப்ளர் எண்ணியிருக்க முடியாது. தலைவர் ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினார். விண்ணப்பம் சொந்தக் கையெழுத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழுமனதுடன் நவதுறவில் சேர விரும்புவதாக நம்மவர் எழுதினார். கடைசியில் விதியில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தார்: இந்த ஒரு வருடம் என்னை எந்த ரிப்பேருக்கும் கூப்பிடவேண்டாம்.

இரண்டாம் நவதுறவில் கூட இருந்தவர்கள் எட்டுப் பேர். மூத்தவனுக்கு இருபத்து மூன்று. முதுகுக்குப் பின்னால் அவரை 'மாமா' என்றார்கள், நேரில் 'பிரதர்' என்றார்கள், அவசரத்தில் மாற்றிச் சொன்னார்கள். பழைய பயிற்றுநர் ஓய்வுபெற்று முதியோர் இல்லத்தில் இருந்தார். புதியவர் நம்மவரைவிட நான்கு வயது இளையவர். கண்டிக்கவேண்டிய நேரத்தில் 'நீங்க' என்று ஆரம்பித்து, 'நீ' என்று திருத்தி, கடைசியில் கண்டிப்பதையே விட்டுவிடுவார். முதல் மாதம் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. அது வீட்டுக்குள்தான், தொடலாம். ஆனாலும் தொடவில்லை. சும்மா உட்காருவது, அவர் செய்த வேலைகளிலேயே கடினமான வேலையாக இருந்தது. நான்காம் மாதத்தில் கொஞ்சம் பிடிபட்டது.

ஏழாம் மாதம் ஒரு நாள் காலையில், புதிய பயிற்றுநர் போனைக் கொண்டுவந்து நீட்டினார். "உங்களுக்குத்தான். நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே முடிவு பண்ணுங்க."

பழைய பயிற்றுநர் பேசினார். "லிஃப்ட் பிரதரா? நல்லா இருக்கியாப்பா? இங்க லிஃப்ட் நின்னுபோச்சு. நாங்க எல்லாம் மூணாவது மாடி."

"உள்ள யாராவது மாட்டிக்கிட்டிருக்காங்களா ஃபாதர்?"

"இல்லப்பா. சும்மா நிக்குது."

"அப்ப கம்பெனிக்குப் போன் பண்ணுங்க. நம்பர் கதவுக்கு மேலயே ஒட்டியிருக்கும்."

"அவன் நாளைக்குத்தான் வருவான். நீ வந்தா ரெண்டு மணி நேர வேலை."

"வரமாட்டேன் ஃபாதர்."

வாழ்க்கையில் ஒரு மூத்தவரிடம் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லப்பா?"

"அன்னிக்கு நீங்க கேட்கல ஃபாதர். அனுப்பினீங்க."

பெரியவர் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. "சரி, சரி. தோட்டத்துக்குப் போ" என்று போனை வைத்தார். அன்று முழுக்க நம்மவருக்குக் கை அரித்தது. மோட்டார் ரூம் எண்ணெய் வாசனை கூட மூக்கில் வந்தது. ஆனால் தோட்டத்தில்தான் இருந்தார்.

வருடம் முடிந்தபோது அவருடைய சான்றில், வெளியே தங்கிய நாள் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. எட்டுப் பையன்களில் ஐந்து பேர் மிஞ்சியிருந்தார்கள். ஐந்து பேருக்கும் பின்னால், நரைத்த தலையோடு ஆறாவதாக முழங்காலில் நின்றார். "இது உன் சொந்த விருப்பமா?" என்று தலைவர் கேட்டு முடிப்பதற்குள் "ஆம்" என்றார். முன்வரிசைகளில் யாரோ சிரித்தார்கள். தலைவர் கேள்வியை மறுபடி முழுதாகக் கேட்டார். இனி இவர் விஷயத்தில் எதையும் பாதியில் விடுவதாக இல்லை. அவரும் மறுபடி, நிதானமாகப் பதில் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, போன தடவை நான் அந்த அழுகை அழுதேனே. அதுவும் செல்லாதா?"

"உன் அழுகை செல்லும்க்கா. என் வார்த்தைப்பாடுதான் செல்லல."

"அப்ப நான் அழவேண்டிய பாக்கி ஒண்ணும் இல்ல. இன்னிக்கு அழமாட்டேன்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, கைக்குட்டையைத் தேடிக் கைப்பையைத் திறந்தாள்.