திரும்பிப் பார்க்காத நிகரேத்தே

தாசோஸ் தீவில், சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்தத் தெருவில், யார் தும்மினாலும் அது எவள் வைத்த வினை என்று நிகரேத்தே சொல்லிவிடுவாள். பெரும்பாலும் அது எதிர்வீட்டு ஃபிலின்னாவாகத்தான் இருக்கும். ஃபிலின்னா அத்திப்பழம் கொடுத்தால் முதலில் ஆட்டுக்குப் போட்டுப் பார்ப்பாள். ஆடு சாகாவிட்டால், "மெல்லக் கொல்ற மருந்தா இருக்கும்" என்பாள். அப்படி ஒரு பிறவி.

அந்தக் கோடையில் நிகரேத்தேயின் கணவன் மொஸ்கியோன் குளிர்சுரத்தில் விழுந்தான். வலை இழுத்து உரமேறிய ஆள், படுக்கையில் பல் கிட்டிக் கிடந்தான். ஊர் ஊராகச் சுற்றும் மருத்துவன் வந்து வயிற்றை அமுக்கினான், சிறுநீரை முகர்ந்தான்.

"சதுப்புத் தண்ணி குடிச்சு பித்தம் ஏறியிருக்கு. பார்லிக் கஞ்சி மட்டும் குடுங்க. இது சாமி குத்தமும் இல்ல, சாபமும் இல்ல."

"அதே தண்ணியத்தானே எதிர்வீட்டுக்காரியும் குடிக்கிறா? அவ புருஷன் மட்டும் குதிரை மாதிரி திரியிறான்?"

மருத்துவன் கை கழுவிக்கொண்டு கிளம்பினான். இவனும் அவள் ஆள்தான் என்று நிகரேத்தே முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்துத் தீட்டுக் கழிப்பவனைக் கூட்டிவந்தாள். அவன் பன்றிக்குட்டியின் இரத்தத்தால் வீட்டைத் துடைத்து, கழுவிய நீரை ஒரு பானையில் பிடித்துக் கொடுத்தான்.

"முச்சந்தியில கொட்டும்மா. கொட்டிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு. நோய் உனக்குத் தெரிஞ்ச குரல்ல கூப்பிடும், ஏமாந்துராதே. இதை யாரு மிதிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் அது போகும்."

கடைசிப் பேச்சு மட்டும் அவள் காதில் நன்றாக ஏறியது. பொழுது சாய்ந்ததும், முச்சந்திக்குப் போகாமல், பானையை ஃபிலின்னாவின் வாசற்படியில் கவிழ்த்துவிட்டு நடந்தாள்.

"அம்மா!"

மகள் மெலித்தாவின் குரல். அவள் வீட்டில் அப்பாவுக்கு விசிறிக்கொண்டல்லவா இருக்கிறாள்? நோய்க்குத்தான் எத்தனை சாமர்த்தியம்! நிகரேத்தே பல்லைக் கடித்துக்கொண்டு நேரே வீட்டுக்குள் போனாள்.

பின்னாலேயே மெலித்தா வந்தாள். வாயோரம் தேன். வெறுங்காலில் சிவப்பு ஈரம்.

"கூப்பிட்டேன், நீ திரும்பவே இல்லியே?"

"எங்கடி போயிருந்த?"

"ஃபிலின்னா அத்தை வீட்டுக்கு. அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சுறாங்க. உங்கிட்ட சொல்ல வேணாம்னாங்க. நீ கொட்டிருவியாம்."

நிகரேத்தே தீட்டைப் போக்கும் கடல்நீரால் அந்தக் காலைத் தேய்த்துக் கழுவினாள். பிள்ளை அழுதும் விடவில்லை.

சில நாளில் மொஸ்கியோன் எழுந்து உட்கார்ந்தான். மெலித்தா படுத்துவிட்டாள். மருத்துவன் மறுபடி வந்து, "அதே தண்ணிதான், அதே பித்தம்தான்" என்றான். அவன் சொல்வது உண்மையாக இருக்கக்கூடாதா என்று அவள் உள்ளம் கெஞ்சியது. ஆனால் நம்ப முடியவில்லை. தெருவில் அத்தனை பேரையும் சந்தேகித்தவளுக்கு இப்போது சந்தேகிக்க ஒரே ஒருத்தி மிச்சம். அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஃபிலின்னா கஞ்சிப் பானையோடு வாசலில் வந்து நின்றாள். "பிள்ளைக்கும் சுரமாமே? நான் பாத்துக்கிறேன், நீ கொஞ்சம் கண்ணசரு."

"உள்ள வராதே! என் வீட்டுப் படிய மிதிக்காதே!"

"ஆரம்பிச்சுட்டியா? இன்னும் எம்மேல என்னடி சந்தேகம் உனக்கு?" பானையை நங்கென்று வைத்துவிட்டு ஃபிலின்னா போய்விட்டாள். மெலித்தாவின் காலோடு அந்தப் படிக்கு வந்த நோய் ஃபிலின்னாவைத் தொடக்கூடாதென்று, அவள் நன்மைக்காக நிகரேத்தே முதன்முதலாக வாய் திறந்தது அன்றுதான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

கொல்லையில் ஆடு கத்தியது. நிகரேத்தே அந்தப் பக்கம் திரும்பாமல் கஞ்சியை ஆற்றி, மகளுக்கு ஊட்டினாள்.