எந்த நாட்டுக் காலன்?

அமெரிக்க எல்லைக்கு வடக்கே, சஸ்காட்சுவான் சமவெளியில் பெரெஸ்னா கிராமத்துக்குக் குடிநீரைச் சுத்தம் செய்து ஏற்றிவிடுகிற வேலை ஒரெஸ்டுக்கு. உறைபனியில் குழாய் வெடித்தால் இடுப்பளவு குழியில் இறங்கி நிற்பார், முகம் சுளிக்க மாட்டார். ஆனால் பரீட்சை என்றதும் மனுஷன் பின்வாசல் வழியாக நழுவப் பார்ப்பார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், பாவம்! மாகாணமோ கறாராகச் சொல்லிவிட்டது: பனி உருகுவதற்குள் சான்றிதழ் பெற்ற ஆபரேட்டர் இல்லையென்றால், குடிநீர் நிலையம் வெளியூர்க் கம்பெனியின் கைக்குப் போய்விடும். ஒரெஸ்டோ அந்தச் சான்றிதழ்ப் பரீட்சையை ஏற்கனவே இரண்டு தடவை எழுதிக் கோட்டை விட்டிருந்தார்.

"நீயும் கூட வந்து எழுதேன் தாரியா. தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருந்தா தைரியமா எழுதிடுவேன்" என்று மனைவியிடம் கெஞ்சினார்.

அவர் கால் ஒடிந்து கிடந்த குளிர்காலம் முழுக்க நிலையத்தைக் கட்டி மேய்த்தவள் அவள்தான். இன்றைக்கும் சனி ஞாயிறு முறை அவளுடையது. அந்த அனுபவம் பரீட்சைக்கு விண்ணப்பிக்கப் போதும்.

"எனக்கு எதுக்குய்யா அதெல்லாம்? சரி, துணைக்கு வர்றேன். என் தாளை எட்டிப் பாத்தே, அங்கேயே கத்திடுவேன்."

முட்டைக்கோஸ் இலையில் சோறு வைத்துச் சுருட்டிக்கொண்டே அவள் கேள்வி கேட்பாள்.

"கலங்கல் தெளிய என்ன போடுவே?"

"படிகாரம்."

"எவ்வளவு?"

"தெளியற வரைக்கும்."

"நல்லாப் போச்சு போ! இதையே எழுதிட்டு வா, நெஞ்சுல மெடல் குத்தி அனுப்புவாங்க."

யார்க்டன் நகரத்தில் பரீட்சை முடிந்து திரும்பும்போது ஒரெஸ்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டே சீட்டியடித்தார்.

"இந்த வாட்டி கணக்கெல்லாம் வெண்ணெயா வழுக்கிட்டுப் போச்சு. ஒரு காலன் தண்ணி பத்துப் பவுண்டு. கண்ணை மூடிட்டுப் போட்டேன்!"

தாரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன, நீயும் அப்படித்தானே போட்டே?"

"தாள்ல இருந்தது அமெரிக்கக் காலன், ஒரெஸ்ட். அது எட்டுப் பவுண்டுச் சொச்சந்தான்."

அவர் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினார். இந்தப் பக்கத்தில் அவர் வயசுக்காரர்களுக்குக் காலன் என்றால் பத்துப் பவுண்டு கனக்கிற பழைய பிரிட்டிஷ் காலன்தான். நிலையத்துத் தொட்டியில் போட்டிருக்கும் கோடுகளும் அந்த அளவில்தான். அமெரிக்க அளவு அச்சிட்டுக் கேள்வித்தாளோடு கொடுத்த சூத்திரத் தாளை, தெரிந்த சமாசாரம்தானே என்று அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"அமெரிக்கச் சமையல் புத்தகத்தைப் பாத்து ஒரு வருஷம் வெள்ளரிக்கா ஊறுகாய் போட்டேனே, தண்ணி கூடி உப்புக் குறைஞ்சு அத்தனையும் வீணாப் போகலையா? அப்பத்தான் அவங்க காலன் வேற, நம்ம காலன் வேறன்னு உறைச்சுது."

முடிவு வந்தது. தாரியா தேறியிருந்தாள். ஒரெஸ்டுக்குச் சில மதிப்பெண்கள் குறைந்திருந்தன. மேயர் டுவெயின் போன் செய்து, வீட்டுக்கு வந்து பேசுவதாகச் சொன்னார்.

"எனக்கு இந்த வேலை வேண்டாம். முடியாதுன்னு அவர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள் தாரியா. "உன் சோத்தைப் பிடுங்கிட்டேன்னு ஊர் பேசும். உனக்கும் மனசு ஆறாது."

"அப்ப கம்பெனிக்காரன் வருவான்."

"வந்துட்டுப் போகட்டும்."

ஒரெஸ்டுக்கு வலிக்காமல் இருக்குமா? ஆமாம், அப்படியே சொல்லிவிடு என்று நாக்கு நுனி வரை வந்தது. எத்தனை காலமாக ஊர் அவரைத் தண்ணிக்காரர் என்றே கூப்பிட்டுப் பழகியிருக்கிறது! கையைத் துடைத்த துணியாலேயே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு நின்றார். தாரியா முகம் கொடுக்காமல் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தேறியதற்குத் தான் ஒரு வார்த்தைகூட நல்லதாகச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. அவரே போய்த் திறந்தார். டுவெயின் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஒரெஸ்ட், எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. தண்ணி விஷயமா உங்கிட்ட கொஞ்சம்..."

"தண்ணி விஷயமா?" ஒரெஸ்ட் அடுப்பங்கரை வரைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "அதை எங்கிட்ட ஏம்ப்பா பேசறே? ஆபரேட்டரம்மா உள்ள இருக்காங்க. பூட்ஸைக் கழட்டிட்டு மரியாதையாப் போய் அவங்களைக் கேளு. நான் அவங்களுக்குக் கீழ வேலை பாக்கறவன்."