எதையும் வாயில் வைக்கலாகாது

சோதனைச்சாலை உபாத்தியாயர் தொழில் என்பது, பிறர் விரல் சுடாதிருக்கும் பொருட்டுத் தன் நாவைச் சுட்டுக்கொள்ளும் தொழில். இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை என்பது போகப்போகத் தெரியும். மதுரையில், பெண்களைச் சுகாதாரப் பணிக்குப் பயிற்றுவிக்கும் சிறு பள்ளி ஒன்றில், நீரையும் பாலையும் சோதிக்கும் கூடத்துக்குப் பொறுப்பாயிருந்தவன் நான். கண்ணாடிக் குழாய்களோடும் திராவகங்களோடும் காலம் தள்ளும் அன்பர்களே, உங்களிடமும் இப்படிப்பட்ட தழும்புகள் இருக்கும். ஓர் ஆண்டில் நான் பெற்ற தழும்புகளை உங்கள் முன் வைக்கிறேன்; பிழை யார் பக்கம் என்று நீங்களாவது தெளிந்துகொள்ளுங்கள்.

சுவரும் புத்தகமும்

கூடத்தின் கிழக்குச் சுவரில் ஏழு விதிகளை நானே கறுப்பு வர்ணத்தால் எழுதியிருந்தேன். முதல் விதி: "இங்கே எதையும் வாயில் வைக்கலாகாது." அந்த ஆண்டின் முதல் வகுப்பில் இவ்விதியின் மேன்மையை முக்கால் மணி நேரம் விளக்கினேன். நகத்தைக் கடிப்பவள், பென்சிலைச் சுவைப்பவள், ஊசியைப் பல்லில் கவ்வுபவள் ஆகிய மூவரும் எவ்வாறு அழிவர் என்பதற்கு மூன்று கதைகள் சொன்னேன். பிறகு பாடப் புத்தகத்தைத் திறந்து முதற் பயிற்சியை உரக்க வாசித்தேன்: "பிப்பெட் எனப்படும் அளவுக் குழாயின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையை வாயில் வைத்து, கோடு வரை உறிஞ்சுக." வாசித்து முடித்த பிறகும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து பேச்சியம்மாள் எழுந்தாள். நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கத்து உழவர் குடும்பத்துப் பெண், வயது இருபத்திரண்டு, கணவனை வைசூரிக்குப் பறிகொடுத்தவள். அவளுக்குக் கொழுந்தன் கொடுத்திருந்த தவணை ஓராண்டே. பரீட்சையில் தேறினால் உத்தியோகம், தன் குழந்தையோடு தனிக் குடித்தனம். தவறினால் மறுபடியும் கொழுந்தன் வீட்டு மாட்டுத் தொழுவம். ஆகையால் என் சொல் ஒன்றையும் அவள் சிந்தவிடுவதில்லை. சுவரைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், இறுதியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "சார், நான் செவரு சொல்றதக் கேக்கவா, பொஸ்தகம் சொல்றதக் கேக்கவா?"

சந்தனம் பூசிய சீசாக்கள்

"திராவகச் சீசாவைத் தெய்வமென மதியுங்கள்" என்பது நான் அடிக்கடி செய்யும் உபதேசம். அச்சத்தோடு அணுக வேண்டும், அலட்சியம் கூடாது என்பதே அதன் கருத்து. சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் கூடத்தைத் திறந்தபோது, அந்த உபதேசம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் கண்டேன். அலமாரியிலிருந்த பதினொரு சீசாக்களுக்கும் மாணவிகள் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் இட்டிருந்தார்கள். பூசிய இடம், பெயர் எழுதிய காகிதம். ஈரத் துணியால் துடைத்தேன். சந்தனத்தோடு மையும் கரைந்து வந்துவிட்டது.

கந்தகத் திராவகம் எது, காய்ச்சி வடித்த நீர் எது என்று அறிய வழியில்லை. முகர்ந்து பார்க்கலாகாது என்பது இரண்டாம் விதி. கடிந்துகொள்ளலாம் என்றால், அவர்கள் செய்தது நான் சொன்னதையே. லிட்மஸ் காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று அறியாமல் நின்றேன். கூடத்தின் பணியாள் அப்துல் காதர் அலமாரியை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "எல்லாத்தையும் சாமியாக்கிப்புட்டாக சார். இதுல எது எரிக்கிற சாமி, எது குளுந்த சாமின்னு நீங்கதேன் கண்டுபிடிக்கணும்."

கிணற்றுக் கயிறு

பதினாறு பெண்களுக்கு எங்களிடம் இருந்தவை மூன்று பிப்பெட்டுகள். முதலில் நூர்ஜஹானிடம் ஒன்றைக் கொடுத்தேன். பழைய நகரத்து வியாபாரக் குடும்பத்துப் பெண்; வகுப்பின் வாயாடி. "எங்க வீட்டுல ஒரே தட்டைச் சுத்தி நாலு பேரு ஒக்காந்து சாப்புடுவோம் சார், எனக்கு எச்சில்னு ஒண்ணும் கெடையாது. ஆனா இது நோம்பு மாசம். தண்ணி தொண்டைக்குப் போயிருச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீக?" என்று அவள் குழாயைப் பேச்சியம்மாள் கையில் தள்ளினாள். பேச்சியம்மாளோ அதை மேசைமேல் வைத்துவிட்டாள். மற்றவர் வாய் வைத்ததில் தான் வாய் வைப்பதில்லை என்றாள். வெந்நீரில் கழுவியது என்றேன். "முந்தாநாளு நீங்கதான சார் சொன்னீக, எச்சில்லதேன் க்ஷயரோகம் ஒட்டும்னு?" என்றாள்.

சொன்னவன் நானே. எனினும் பரீட்சையில் இந்தப் பயிற்சி தவறாமல் வரும். செய்யாதவள் தேற மாட்டாள். அவள் எதிர்காலத்தை எண்ணி, ஒரு கதையால் அவள் மனத்தைத் திருப்ப முயன்றேன். ஓர் ஊரில் குழந்தை ஒன்று கிணற்றில் விழுந்தது. கயிறு ஒன்றே இருந்தது. அதுவும் யார் யாரோ தொட்ட கயிறு. தொடலாமா என்று தாய் தயங்கியிருந்தால் குழந்தை என்னவாகியிருக்கும்? என் குரல் எனக்கே தழுதழுத்தது. பேச்சியம்மாள் நன்றாக யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அந்தக் கயித்தக் கையால புடிச்சுத்தான சார் இழுத்தா? வாயாலயா கவ்வுனா?"

மௌனமாய் நடந்த மூன்று நாள்

சொல்லால் ஆகாததைச் செயலால் காட்டுவது ஆசிரியர் கடமை. மறுநாள் பிளீச்சிங் பவுடர் கரைசலில் பிப்பெட்டை அமிழ்த்தி, நானே வாய் வைத்து உறிஞ்சிக் காட்டினேன். கரைசல் அழகாக மேலேறியது. கோட்டை நெருங்கும் தறுவாயில், நிதானத்தின் அவசியம் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்ற உந்துதல் எழுந்தது. வகுப்பின் பக்கம் திரும்பினேன். உதடு இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்க, குழாயின் அடிமுனை கரைசலை விட்டு மேலே வந்துவிட்டது. உபாத்தியாய அன்பர்களே, அடுத்த கணம் நிகழ்வது உங்களுக்குத் தெரியும். அடியில் காற்றுப் புக, குழாயிலிருந்த கரைசல் முழுவதும் என் வாய்க்குள் பாய்ந்தது.

காதர் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார். வாயைக் கொப்பளித்து ஓய்ந்தேன். நாக்கும் அண்ணமும் புண்ணாகி, மூன்று நாள் பேச்சில்லை. கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்தினேன். எழுதும்போது கதைகள் குறைந்தன. உபதேசங்கள் இரண்டு வரிக்குள் அடங்கின. அனுதாபத்தை எதிர்பார்த்து நான் வகுப்பை நோக்கியபோது, நூர்ஜஹான் மனமார்ந்த மகிழ்ச்சியோடு சொன்னாள்: "இந்த மூணு நாளாத்தேன் சார் பாடம் நல்லா வெளங்குது."

சிம்மக்கல்லிலிருந்து வந்த கருவி

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. பேச்சியம்மாள் காதரைத் தனியே அழைத்து, "அண்ணே, சைக்கிள் ஹாரன்ல இருக்குற ரப்பர் பந்து மட்டும் ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். சிம்மக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருந்த தம் மைத்துனரிடமிருந்து காதர் ஒன்று வாங்கிவந்தார். அதை அவள் சோப்பிட்டுக் கழுவினாள். பந்தின் வாயில், துளையிட்ட தக்கை ஒன்றைச் செருகினாள். பந்தை அமுக்கிப் பிடித்து, தக்கையைக் குழாயின் தலையில் பொருத்தி, பிடியை மெல்லத் தளர்த்தினாள். நீர் கோட்டைத் தாண்டி ஏறியது. பந்தை விலக்கிய நொடியில் குழாயின் தலையை விரலால் மூடி, சொட்டுச் சொட்டாக விட்டுக் கோட்டில் நிறுத்தினாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுப்பதா? என் நாக்கு இன்னும் எரிந்தது. அனுமதிப்பதா? புத்தகம் "வாயில் வைத்து" என்கிறது. பரீட்சை நடத்துபவரும் அந்தப் புத்தகத்தோடுதான் வருவார். என் தயக்கத்தால் ஒரு பெண்ணின் ஓராண்டு உழைப்பு வீணாகலாம். பந்தினாலும் வீணாகலாம். உண்மையும் துணிவும் பற்றி ஆயிரம் பிரசங்கம் செய்திருந்த நான், முடிவெடுக்கத் தெரியாமல், ஏற்கெனவே துடைத்த அலமாரியை மறுபடியும் துடைக்கத் தொடங்கினேன். பின்னாலிருந்து நூர்ஜஹானின் குரல் கேட்டது: "நல்லா அமுக்குக்கா, சாரு வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறாரு!"

பரீட்சை நாள்

பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் அம்மாள் வந்தார். அதிகம் பேசாதவர். அவர் கையிலிருந்த தாளில், "வாயால் உறிஞ்சும் முறை" என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் கண்டதும் என் கை அலமாரித் துணியைத் தேடியது. பேச்சியம்மாள் முறை வந்தது. முந்தானையிலிருந்து பந்தை எடுத்தாள். அமுக்கினாள், தளர்த்தினாள், விரலால் மூடினாள். நீர் கோட்டில் நின்றது. டாக்டர் அம்மாள் குனிந்து, கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தார். மயிரிழையும் பிசகில்லை.

"இப்படிச் செய்ய யார் சொன்னது?" என்று கேட்டார்.

"அந்தச் செவரு சொல்லுச்சு அம்மா. சாரு கைப்பட எழுதுனது" என்று பேச்சியம்மாள் கிழக்கே காட்டினாள்.

அவர் முதல் விதியை வாசித்தார், கையிலிருந்த தாளை வாசித்தார், பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார். வாழ்நாளில் முதன்முறையாக மூன்றே சொல்லில் பதிலை முடித்தேன். "சுவர் சொல்வதே சரி" என்று ஒரு வழியாகச் சொன்னபோது, அது என் குரல்போலவே இல்லை. டாக்டர் அம்மாள் பேனாவை எடுத்து, தாளில் "வாயால்" என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, முழு மதிப்பெண் இட்டார். அடுத்து நின்ற நூர்ஜஹான் பிப்பெட்டை உதட்டுக்குக் கொண்டுபோனதும், நிமிராமலே, "ஏனம்மா, அந்தப் பந்து சும்மாதானே கிடக்கிறது?" என்றார்.

பேச்சியம்மாள் தேறினாள். அவள் ஊருக்கு அருகிலேயே உத்தியோகமும் கிடைத்தது. விடைபெற வந்த நாளில், இடுப்பில் குழந்தை இருந்தது. குழந்தையின் கையில் அந்த ரப்பர் பந்து. தனித்து வாழப்போகும் பெண் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்கள் பத்தினை வரிசைப்படுத்திக்கொண்டு நான் தொண்டையைச் செருமினேன். அவள் கைகூப்பி முந்திக்கொண்டாள்: "போயிட்டு வாரேன் சார். பந்த எடுத்துட்டுப் போறேன். காதர் அண்ணே ஒங்களுக்கு வேற வாங்கித் தாரேன்னாரு. அதுவரைக்கும் தயவுசெஞ்சு வாயத் தொறக்காதீக."

வாயைத் திறக்காமல் பாதுகாப்பைப் போதிப்பது எவ்வாறு என்பது மட்டும், அன்பர்களே, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.