பஸ்ஸுக்குப் புல் போட்ட கதை

ஐயாக்கண்ணுவின் ஜீப்பில் ஏறியவர்கள் சிரிக்காமல் இறங்கியதில்லை என்று ஏற்காட்டில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவர் ஏரிக்கரைப் பக்கத்து லாட்ஜ் மேனேஜர் செல்வராஜ். "டிரைவர் நல்லா ஓட்டுவாருங்களா?" என்று எந்த விருந்தாளி கேட்டாலும், "ஓட்டுறது கெடக்கட்டுங்க, அவுரு காமெடியக் கேளுங்க, வவுறு வலிச்சுப் போயிரும்" என்பார். லாட்ஜுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுப் போனில் எழுதுகிறவர்கள் மலையைப் பற்றி ஒரு வரியும் ஐயாக்கண்ணுவைப் பற்றி நான்கு வரியும் எழுதினார்கள். அந்த மனிதர் தன் கதைக்கு எல்லோருக்கும் ஒரு நொடி முன்னால் தானே சிரித்துவிடுகிறார் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. சிரிக்க வந்தவர்களுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரம் ஏது?

ஐயாக்கண்ணுவுக்கு ஐம்பத்தொரு வயது. நாகலூருக்குக் கீழே காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் நாற்பது வீட்டு ஊர்க்காரர். இந்த மலையின் பூர்வகுடி. சாதிச் சான்றிதழில் மலையாளி என்று எழுதியிருக்கும். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கீழ்நாட்டிலிருந்து வந்து கடை போட்டவர்களுக்கு அவர்கள் வெறும் மலைக்காரர்கள். அவசரத்தில் மரியாதை விகுதியும் உதிர்ந்து மலைக்காரன் ஆகிவிடும்.

ஐயாக்கண்ணு சொல்லும் கதைகள் எல்லாமே அந்த மலைக்காரனைப் பற்றியவைதான். கரண்டு பல்பை வாயால் ஊதி அணைக்கப் பார்த்த மலைக்காரன். பஸ் படிக்கட்டுக்குக் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, சேலத்தில் இறங்கியதும் செருப்பைத் தேடிய மலைக்காரன். கடைசியாக, சேர்வராயன் கோயிலிலிருந்து திரும்பும்போது, முதல்முதலாக ஊருக்கு வந்த பஸ்ஸுக்குப் புல்லுக்கட்டு போட்ட மலைக்காரன். "பாவம், இவ்வளவு மேடு ஏறி வந்துருக்குது, தின்னுட்டு மெதுவாப் போகட்டும்" என்று மலைக்காரன் சொல்வதாக வரும் இடத்தில், கண்ணாடியில் பார்த்தால் பின்சீட்டில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கொண்டிருப்பார்கள்.

அந்த மலைக்காரன் ஐயாக்கண்ணுவின் அப்பா சடையன். நடந்தது வேறு.

ஐயாக்கண்ணுவுக்கு எட்டு வயது இருக்கும். ஐப்பசி மழையில் எஸ்டேட் லாரி ஒன்று ஊருக்குக் கீழே வளைவில் சேற்றில் இறங்கிவிட்டது. டிரைவர் சேலத்துக்காரர். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி பறித்துக்கொண்டே போனது. சடையன் மேட்டுக்கு ஏறிப் புல்லை அறுத்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் திணித்தார். மூன்றாவது புல்லுக்கட்டில் டயருக்குப் பிடிமானம் கிடைத்து லாரி மேலே ஏறியது. டிரைவர் ஒரு பீடி கொடுத்துவிட்டுப் போனார். போனவர் சும்மா போயிருக்கலாம். ஏற்காடு பஜார் டீக்கடையில் உட்கார்ந்து, லாரி பசியில் நிற்கிறது என்று மலைக்காரன் புல் கொண்டுவந்து போட்டான் என்று அளந்துவிட்டார். மழையில் மாட்டிக்கொண்ட வெட்கத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டும் அல்லவா? கதை பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் லாரி பஸ்ஸாகிவிட்டது. அதற்கப்புறம் சடையன் மிளகு மூட்டையோடு சந்தைக்குப் போன நாளெல்லாம், "என்னப்பா, இன்னைக்கு பஸ்ஸு தீனி தின்னுச்சா?" என்று ஒரு குரலாவது கேட்கும். அவர் சண்டைக்குப் போனதில்லை. சில வருடங்களில் சந்தைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்.

அப்படிப்பட்ட கதையை மகன் எப்படி வாயில் எடுத்தார் என்று கேட்கத் தோன்றும். ஜீப் ஓட்ட வந்த முதல் வருடம் ஐயாக்கண்ணு பேசவே மாட்டார். உம்மணாமூஞ்சி என்று லாட்ஜில் புகார் போனது. ஒரு நாள் ஈரோட்டுக் கும்பல் ஒன்று பல்புக் கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு, "அண்ணே, நீங்களும் மலைக்காரர்தானே, உண்மையா இது?" என்று கேட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், "அதென்னங்க பெரிசு, பஸ்ஸுக்குப் புல்லு போட்டதே எங்கூருதானுங்க" என்று சொல்லிவிட்டார். சிரிப்பு காதைப் பிளந்தது. தானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அடுத்தவன் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது என்று அன்றைக்கு அவருக்குப் பட்டது. பிழைக்கத் தெரிந்த யோசனைதான். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று டிரிப், இருபத்திரண்டு வருடம். சீசனில் ராத்திரி வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி வள்ளி ஏதாவது வேடிக்கையாகச் சொல்லும்போதுகூடத் தாடை நோகும். வீட்டில் அவர் சிரித்து யாரும் பார்த்து ரொம்ப நாளாகிறது.

ஒரே மகள் ஹரிணி. சின்ன வயதில் லீவு நாட்களில் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து எல்லாக் கதைகளையும் கேட்டு வளர்ந்தவள். ஐந்தாம் வகுப்பில் பஜார் பள்ளிக்கூடத்தில் எவனோ அவளிடம் புல்லுக்கட்டுக் கதையைச் சொல்லிக் கேலி செய்ய, அழுதுகொண்டே வந்தாள். அன்றுதான் லாரியையும் சேற்றையும் பற்றி அவளுக்குச் சொன்னார். மறுநாள் காலையில் வழக்கம்போல ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் பஸ் கதையைச் சொன்னார். மகள் அதே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனாள்.

ஹரிணி இப்போது டீச்சர். பி.எட். முடித்து, சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் சேர்ந்தாள். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்தாள்.

"அப்பா, நாளைக்கு எங்க ஸ்கூல் டீச்சருங்க எட்டுப் பேரு ஏற்காடு வர்றோமுங்க. லாட்ஜுல உங்க ஜீப்பத்தான் பேசியிருக்காங்களாம்."

"அப்படியா கண்ணு! வா, வா. வண்டியக் கழுவி வெச்சர்றேன்."

"அப்பா..." கொஞ்சம் தயங்கினாள். "அந்தக் கதையெல்லாம் வேண்டாமுங்கப்பா."

"சொல்லலை சாமி. வாயவே தொறக்க மாட்டேன்."

வாயைத் திறக்காமல் இருப்பது மட்டும் போதுமா என்று அவருக்கு யோசனை ஓடியது. மகள் புதிதாகச் சேர்ந்த இடம். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் படித்தவர்கள். லாட்ஜில் போய் இறங்கியதும் செல்வராஜ் "நம்ம காமெடி டிரைவர்" என்று இவரைக் காட்டுவார். அந்தக் காமெடிக்காரனின் மகள் என்று தெரிந்தால், நாளை முதல் ஸ்டாஃப் ரூமில் ஹரிணிக்கு என்ன பேர் வைப்பார்கள்? சடையன் சந்தையிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு திரும்பியது ஞாபகம் வந்தது. அந்தக் கதி தன் மகளுக்கு வரக்கூடாது. அவ்வளவுதான் அவர் நினைத்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லாட்ஜ் வாசலில் எட்டுப் பேரும் நின்றார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் தேவகுமாரி முன்சீட்டில் ஏறினார். ஹரிணி முகமெல்லாம் சிரிப்பாக ஜீப்பை நோக்கி வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஐயாக்கண்ணு முந்திக்கொண்டார்.

"ஏறுங்க மேடம். படி ஒசரம், பாத்து."

ஹரிணியின் சிரிப்பு அப்படியே நின்றது. அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பின்பக்கமாக ஏறிக் கடைசி ஆளாக உட்கார்ந்தாள். தான் பெற்ற பிள்ளையை மேடம் என்று கூப்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிய அந்த மனுசனை என்ன சொல்வது? நல்ல காரியம் செய்த நிம்மதி அவருக்கு.

முதல் வளைவிலேயே பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இயற்பியல் வாத்தியார் ஷெர்வின். இளவட்டம், கெட்டவர் இல்லை, சும்மா இருக்கத் தெரியாதவர்.

"அண்ணே, மேனேஜர் காமெடி காமெடின்னாரே, எப்ப ஆரம்பிக்கறீங்க?"

"இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்குதுங்க சார்."

பகோடா பாயிண்டில் இறங்கி வேடிக்கை பார்த்தபோதும் அதையே கேட்டார், அதே பதில். சேர்வராயன் கோயிலில் எல்லோரும் குனிந்து குகைக்குள் போய்க் கும்பிட்டு வந்தார்கள். ஹரிணி அப்பாவுக்கு இரண்டடி தள்ளியே நடந்தாள். திரும்பும் வழியில் ஷெர்வினுக்குப் பொறுக்கவில்லை.

"செரி, அண்ணனால முடியலைன்னா நானே சொல்றேன். போன மாசம் வாட்ஸ்அப்புல வந்துது. ஒரு மலைக்காரன், மொத மொதல்ல அவுங்க ஊருக்கு பஸ்ஸு வருது..."

ஷெர்வின் நன்றாகவே சொன்னார். புல்லுக்கட்டு வந்தது. பாவம் மேடு ஏறி வந்திருக்கிறது என்பதும் வந்தது. பிறகு மலைக்காரன் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து பஸ்ஸின் பம்பரை மரத்தில் கட்டிப்போட்டான். அந்தக் கயிறு டீக்கடையில் பிறந்தது இல்லை. அது ஐயாக்கண்ணுவின் சொந்தச் சரக்கு. நாலாவது வருடம் சிரிப்பு கொஞ்சம் குறைகிற மாதிரி இருந்தபோது சேர்த்தது. தானே முந்திக்கொண்டால் மிச்சம் இருக்காது என்று நினைத்தாரே, மிச்சமெல்லாம் ஊர் சுற்றிவிட்டு அவர் ஜீப்பிலேயே ஏறி, அவர் மகளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். ஷெர்வின் சிரித்து ஓய்ந்து, "ஹரிணி டீச்சர் மட்டும் சிரிக்கலையே? கோவிச்சுக்காதீங்க டீச்சர், சும்மா ஜோக்குதானுங்க. இதுல யாருக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்றார்.

"அந்த மலைக்காரர் பேரு தெரியுங்களா சார்?" என்று ஹரிணி கேட்டாள்.

"ஜோக்குல வர்ற ஆளுக்குப் பேரு ஏதுங்க?"

"சடையனுங்க. எங்க தாத்தா."

லாரியையும் மழையையும் டயருக்கு வைத்த புல்லையும் அவள் பாடம் நடத்துகிற குரலில் சொல்லி முடித்தாள். "கயிறெல்லாம் கெடையாதுங்க சார். அது பின்னால சேத்துனது."

"யாரு சேத்துனது?" ஷெர்வினின் குரல் கம்மியிருந்தது.

"இந்தா, வண்டி ஓட்டறாரே, எங்கப்பா. இந்தக் கதைய ஊரு ஒலகத்துக்கே சொல்லிக் குடுத்தது அவுருதானுங்க."

யார் முகத்திலும் ஈயாடவில்லை. "இவரு உங்கப்பாவா? காலையில இருந்து ஒரு வார்த்தை சொல்லலையே கண்ணு" என்றார் தேவகுமாரி. ஷெர்வின் முன்பக்கம் எக்கி, "அண்ணே, மன்னிச்சுக்கோங்க. தெரியாமச் சொல்லிட்டேன்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

ஐயாக்கண்ணு அப்போது ஒன்றும் செய்திருக்க வேண்டாம். ஏரி வரும்வரை சும்மா ரோட்டைப் பார்த்து ஓட்டியிருந்தால் போதும். மகள் பேசியது அப்படியே நிலைத்திருக்கும். ஆனால் ஜீப்பில் விருந்தாளிகள் முகம் வாடி உட்கார்ந்தால் பார்த்துக்கொண்டிருக்க அவருக்குத் தெரியாது. வாய் தானாகத் திறந்தது.

"அட உடுங்க சார். மலைக்காரனுக்குக் கோவம் வந்து சேரோணும்னா மூணு பஸ்ஸு மாறோணுமுங்க."

சொல்லிவிட்டு, எல்லோருக்கும் ஒரு நொடி முன்னால் சிரித்தார். அப்பாடா என்று ஜீப் முழுக்கச் சிரித்தது. தேவகுமாரிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடியில் ஹரிணி மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மற்றவர்கள் சேலத்துக்குத் திரும்பும் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது ஹரிணி ஜீப்புக்கு வந்தாள்.

"என்னத்துக்குங்கப்பா என்னைய மேடம்னு கூப்பிட்டீங்க?"

"உனக்கு ஒரு பேரு வெச்சறக்கூடாதுன்னுதான் சாமி."

"அதெல்லாம் வெச்சாச்சுங்கப்பா. சேந்த மொத வாரமே ஒருத்தர், உங்கூர்ல கரண்டு வந்துருச்சான்னு கேட்டாங்க. அப்புறம் தெனத்துக்கும் ஏதாச்சும் ஒண்ணு. நானும் சிரிச்சுட்டேதான் இருந்தேன். அவுங்களுக்கு முன்னாடியே சிரிச்சுருவேன்." வேன் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்குத்தான் மொத தடவையா சிரிக்காம இருந்தேனுங்க."

அவருக்குத் தொண்டை அடைத்தது. காலையில் சொன்ன பொய் இப்போது நிஜமாகிவிட்டது. "எம்மேல கோவமா கண்ணு?"

"கோவமெல்லாம் இல்லைங்கப்பா. நொம்ப அலுப்பா இருக்குது."

வேன் ஹாரன் அடித்தது. ஹரிணி போய் ஏறிக்கொண்டாள். ஏறும்போது ஷெர்வின் ஏதோ சொல்ல, அவளுக்குப் பழகிப்போன அந்தச் சிரிப்பு முகத்தில் வந்ததை ஐயாக்கண்ணு இங்கிருந்தே பார்த்தார். வேன் கீழே இறங்கும் ரோட்டில் திரும்பியது. அந்த அலுப்பு என்னவென்று அவருக்குத் தெரியும்; தாடையில் தொடங்கி உடம்பெல்லாம் இறங்கும். அவருக்கு அது வந்து சேர இருபத்திரண்டு வருடம் ஆனது. மகளுக்கு மூன்றே மாதத்தில் வந்துவிட்டது.